மலையை எடுத்துவிட்டால் போதுமா? தேவ்னார் டம்பிங்கின் 124 ஏக்கர்

தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே தையல் மிஷின்கள் ஓடும் கோளி, அதாவது ஒற்றை அறை, அதற்கு மேலே இரும்பு ஏணி ஏறிப் போகும் பொட்மாலா என்ற மாடி அறை. என் அத்தை அங்கேதான் இருக்கிறாள். பொங்கலுக்குக் கதவுக்குப் பச்சை பெயின்ட் அடித்தவள், சர்வேக்காரர்கள் எழுதிவிட்டுப் போன நம்பரைச் சுற்றி மட்டும் நாலு விரற்கடை விட்டு அடித்திருந்தாள். பழைய நீலம் சதுரமாக அப்படியே தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அது அழிஞ்சிட்டுன்னா நாம இங்க இருக்கவே இல்லன்னுருவான்யா" என்றாள். அப்புறம் டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஏல, டம்பிங்ல கொண்டு போயி வீடு குடுக்கப் போறானாமே, நெசமா?"

டம்பிங் என்று அவள் சொல்வது மும்பையின் தேவ்னார் குப்பைக்கிடங்கை. ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாத கேள்வி அது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 அக்டோபரில் மகாராஷ்டிர அமைச்சரவை, தேவ்னார் குப்பைக்கிடங்கில் 124 ஏக்கரை, தாராவிக் குடிசைகளை எடுத்துவிட்டுப் புது வீடு கட்டும் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பளங்களில் சுமார் 256 ஏக்கரும் இதே திட்டத்துக்குத்தான். யார் அங்கே போக வேண்டியிருக்கும்? திட்டத்தின் கணக்குப்படி 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்கும் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களும், அத்தையைப் போல மாடியில் இருப்பவர்களும் வெளியே வாடகை வீட்டுக்குப் போய், பணம் கட்டிக் கட்டிப் பின்னால் சொந்தமாக்கிக்கொள்ளலாம். பட்டியலில் மராட்டியில் 'பாத்ர', 'அபாத்ர' என்று போடுவார்கள், தகுதி உள்ளவர், இல்லாதவர் என்று பொருள். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் ஊரில் சொல்வது இங்கே அரசாங்கக் கோப்பிலேயே ஏறிவிட்டது போல. எந்த வீட்டுக்காரர் உப்பளத்துக்கு, எந்த வீட்டுக்காரர் தேவ்னாருக்கு என்பதெல்லாம் அடுத்த கதை. ஆனால் தேவ்னார் என்ற பெயர் வந்தால் அது 'அபாத்ர' கட்டத்துக்குத்தான் வரும் என்பது மட்டும் சந்தில் எல்லோருக்கும் தெரிகிறது.

தேவ்னார் எப்படி தேவ்னார் ஆனது என்பதைப் பார்த்தால் கதை இன்னும் புரியும். செம்பூரில் வீடு வாங்கிக் குடியேறிய நம் ஆட்களில் பலருக்கே தெரியாது, குர்லாவிலிருந்து செம்பூருக்கு ரயில் பாதை போட்டதே 1906-இல் குப்பை வண்டி ஓட்டத்தான். மனிதர்கள் ஏறும் ரயில் 1924-இல்தான் வந்தது. அந்தப் பக்கத்துச் சதுப்பில், தாணே கழிமுகத்தை ஒட்டி, 1927-இலிருந்து தேவ்னாரில் குப்பை கொட்டுகிறார்கள். நாட்டின் மிகப் பழைய குப்பைக்கிடங்குகளில் ஒன்று அது. பிறகு நகரத்துக்கு நாறியது எல்லாம் ஒவ்வொன்றாக அங்கேயே போனது. பாந்திராவில் இருந்த மாடு அறுப்புக்கூடம் 1971-இல் தேவ்னாருக்குப் போனது. அந்தத் தோலை நம்பி இருந்த தாராவித் தோல் பதனிடும் தொழிலும் பின்னாலேயே போனது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கை வைத்த தொழில் அது. ஆட்களைத் தூக்கிப் போடுவதும் புதிது இல்லை. டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜனதா காலனியை 1976 மே மாதம், நெருக்கடிநிலை நேரத்தில் இடித்து, பல்லாயிரம் பேரைச் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதுதான் இன்றைய சீட்டா கேம்ப். அங்கே தமிழ் பேசாத சந்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, டம்பிங்குக்குள் என்ன இருக்கிறது?

ஈரக் குப்பை, பிளாஸ்டிக், துணி, கட்டட இடிபாடு, பேட்டரி, மருந்து, இறைச்சிக் கழிவு எல்லாம் கலந்து சுமார் 1.85 கோடி டன். சில இடங்களில் உயரம் 40 மீட்டர், கிட்டத்தட்ட பன்னிரண்டு மாடி. அடியில் எந்தத் தடுப்பும் கிடையாது. 1927-இல் சதுப்பில் வண்டியைக் கவிழ்த்தவர்கள் பிளாஸ்டிக் விரிப்பு போட்டா கவிழ்த்திருப்பார்கள்? காற்றே புகாத உள்ளடுக்கில் குப்பை அழுகும்போது மீத்தேன் வருகிறது. மீத்தேன் காற்றில் 5-லிருந்து 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்த கணக்கில் தேவ்னாரிலிருந்து மணிக்குச் சராசரியாக 6,000 கிலோவுக்கு மேல் மீத்தேன் வெளியேறுகிறது. 2016 ஜனவரி கடைசியில் மூண்ட தீ நாள்கணக்கில் எரிந்ததும், பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளை மூடியதும், அந்தப் புகை நாசாவின் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்ததும் இதனால்தான்.

வாயு மேலே போனால், சாறு கீழே போகிறது. மழைத்தண்ணீர் குப்பை வழியாக இறங்கிக் கறுப்பாகக் கசியும். ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள், அம்மோனியா, கரையக்கூடியது எதுவோ அதெல்லாம் அதில் கரைந்திருக்கும். மும்பை மழையில் இது எத்தனை என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் கிட்டத்தட்ட நூறு மழைக்காலம். போய்ச் சேரும் இடம் கழிமுகம். ஃபிளமிங்கோ வந்து நிற்கும் அதே தாணே கழிமுகம், 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது.

பழைய குப்பைமேட்டை ஒழுங்குபடுத்த இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, இருக்கும் இடத்திலேயே சரிவு திருத்தி, மேலே தடுப்பு விரிப்பும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே குழாய் இறக்கி வாயுவை எடுத்து எரிப்பது. மும்பையிலேயே கோராயில் இதைச் செய்தார்கள். சுமார் 20 ஹெக்டேர் கிடங்கை 2007 வாக்கில் நிறுத்தி மூடினார்கள், இப்போது பச்சையாகப் புல்மேடாக இருக்கிறது. இரண்டாவது, தோண்டி எடுப்பது. பயோமைனிங் என்கிறார்கள். குப்பையை வரிசை வரிசையாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிப் புரட்டிக் காயவிட்டு, டிராம்மல் என்ற சுழலும் பெரிய சல்லடையில் போட்டுச் சலிப்பது. எரியக்கூடிய பிளாஸ்டிக், துணி சிமென்ட் ஆலைக்கு, கல்லும் இடிபாடும் பள்ளம் நிரப்ப, இரும்பு பங்கார்காரரிடம், அதாவது பழைய சாமான் வியாபாரியிடம், கடைசியில் நிற்கும் பொடிமண் எங்காவது தாழ்ந்த நிலத்துக்கு. அந்தப் பொடிமண்ணில்தான் உலோகமெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், சோதிக்காமல் ஏற்றி அனுப்பினால் தேவ்னாரை ஏதோ ஒரு கிராமத்துக் கல்குவாரிக்கு லாரி வைத்து அனுப்புகிறோம் என்றுதான் அர்த்தம்.

தேவ்னாருக்கு இரண்டாவது வழியைத்தான் தேர்ந்திருக்கிறார்கள். மாநகராட்சி 2025-இல் சுமார் 2,368 கோடி ரூபாய் மதிப்பில் டெண்டர் விட்டது, முடிக்க வேண்டியது மூன்று வருடத்தில். தாராவித் திட்டத்தை 2022-இல் அதானி குழுமம் எடுத்த ஏலத்தொகையே 5,069 கோடிதான். அந்தத் தொகையில் பாதியை நெருங்கும் ஒரு செலவு, நிலத்தைத் துடைத்துக் கொடுக்க மட்டும், மாநகராட்சிக் கஜானாவிலிருந்து.

மூன்று வருடத்தில் முடியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்தில் நாலு மாதம் மழை. நனைந்த குப்பை சல்லடையில் இறங்காது, களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். மீதி நாட்களை மட்டும் எடுத்தால் மூன்று வருடத்தில் சுமார் 735 நாள். 1.85 கோடி டன்னை அதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 25,000 டன். மும்பை முழுவதும் ஒரு நாளில் போடும் குப்பை 6,500 டன் பக்கம்தான். அதாவது நகரம் போடுவதைவிட ஏறக்குறைய நாலு மடங்கை ஒரே மேட்டிலிருந்து தினமும் தோண்டிச் சலித்துப் பிரிக்க வேண்டும். 20 டன் லாரியில் ஏற்றினால் 1,250 லோடு. காட்கோபர் மான்குர்ட் லிங்க் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு ஆட்டோவில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த எண்ணை இன்னொரு முறை படிக்கவும்.

இது வெறும் கணக்குதானே என்று விடமுடியாது, ஏனென்றால் முலுண்ட் குப்பைக்கிடங்கு உதாரணமாக இருக்கிறது. அங்கே 24 ஹெக்டேரில் 70 லட்சம் டன். 2018-இல் ஆரம்பித்து ஆறு வருடக் கெடு வைத்தார்கள். கெடுவுக்குள் முடியவில்லை, நீட்டித்தார்கள். தேவ்னார் அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல், கெடுவோ பாதி.

சரி, நாலு வருடமோ எட்டு வருடமோ, எப்படியோ மலை போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். பேச்சு இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும், நம் ஊரில் இங்கேயே முடிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிந்தது மலை. மலை போனதும் நிலம் சுத்தம் என்று தோன்றும். ஆனால் நூறு வருடமாகச் சாறு இறங்கியது மலைக்குள் இல்லை, மலைக்குக் கீழே இருக்கும் சேற்றுக்களிமண்ணுக்குள். அதைச் சல்லடையில் சலிக்க முடியாது. எத்தனை அடி ஆழம்வரை ஈயம் இருக்கிறது, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வாயு இன்னும் வருகிறதா என்பதெல்லாம் அடிமண்ணைத் துளைபோட்டு எடுத்து, ஒன்றிரண்டு மழைக்காலம் விட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தெரிந்துதான் எழுதப்பட்டன. மூடிய குப்பைக்கிடங்கைப் பதினைந்து வருடம் கண்காணிக்க வேண்டும் என்றன அவை. அதற்குப் பிறகுதான், வாயுவும் கசிவு நீரும் நிர்ணயித்த அளவுக்குள் இருக்கிறது, மண் உறுதியாக இருக்கிறது என்று உறுதி செய்த பின்தான், குடியிருப்புக்கோ வேறு எதற்கோ பரிசீலிக்கலாம் என்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 வழிகாட்டுதல் இன்னும் கறார்: மூடிய கிடங்கின் மேல் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி கூடாது, எல்லையிலிருந்து 100 மீட்டருக்குக் கட்டடமே கூடாது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வாதம் உண்டு, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பதினைந்து வருடம் என்பது குப்பையை உள்ளேயே வைத்து மூடிய கிடங்குக்கு எழுதியது, நாங்கள்தான் குப்பையையே எடுத்துவிடுகிறோமே, அப்புறம் அது கிடங்கே இல்லையே என்பார்கள். பாதி சரி. மூடிய மேடு போல அமிழாது, வாயுவும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அடிமண்ணும் நிலத்தடி நீரும் அப்படியே இருக்கின்றன, கட்டடத்தின் அஸ்திவாரம் இறங்குவது அதற்குள்தான். தவிர பக்கத்திலேயே தினம் 600 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வருகிறது. நகரத்தின் குப்பையில் ஒரு பங்கு இன்னும் தேவ்னாருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. முன்னாள் கிடங்கு என்று சொல்லவே இன்னும் நேரம் வரவில்லை.

பழைய குப்பையின் மேல் கட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். மலாடில் சிஞ்சோலி பந்தர் பக்கம் பழைய குப்பை கொட்டிய நிலத்தின் மேல் அலுவலக வளாகம் எழுந்தது. கொஞ்ச வருடத்திலேயே அங்கிருந்த கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன. நிலத்திலிருந்து வந்த வாயு உள்ளே இருந்த செம்பையும் வெள்ளியையும் அரித்துவிட்டது. அங்கே ஏசி இருந்தது, மாலை ஏழு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள், கெட்டுப்போன சர்வரை மாற்ற பட்ஜெட் இருந்தது. 300 சதுர அடி வீட்டில் கைக்குழந்தை இருபத்துநாலு மணி நேரமும் தரையில் தவழும். ஜன்னல் ஓரத்துத் தொட்டியில் அத்தை மாதிரி யாராவது கீழே இருந்து மண் அள்ளி வந்து கீரை போடுவார்கள்.

மாசுபட்ட நிலத்தைப் பற்றி உலகம் முழுக்க ஒரே பாடம்தான்: எதற்குப் பயன்படுத்தப் போகிறோமோ அதற்கு ஏற்ற அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும். சோலார் தகடு பரப்பப் போகிறோமா, மேலே மண் மூடினால் போதும். மரம் வளர்த்துப் பூங்கா என்றால் இன்னும் கொஞ்சம். டெல்லியில் இந்திரபிரஸ்த பூங்கா பழைய குப்பையின் மேல்தான் இருக்கிறது. நியூயார்க்கின் ஃபிரெஷ் கில்ஸ் கிடங்கு 2001-இல் மூடப்பட்டு, அதன் வடக்குப் பகுதிப் பூங்காவின் முதல் கட்டத்தை 2023-இல்தான் திறந்தார்கள், அதுவும் நடக்க, சைக்கிள் ஓட்ட. குழந்தைகள் இரவும் பகலும் இருக்கும் வீடு என்பதுதான் எல்லாவற்றிலும் கறாரான அளவு. ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் மண்ணைச் சோதி, அது எதற்குத் தாங்கும் என்று பார், பிறகு எதற்கு என்று முடிவு செய். தேவ்னாரில் முதலில் ஆட்களைப் பட்டியல் போட்டாயிற்று, அப்புறம் ஏக்கரை ஒதுக்கியாயிற்று, அதற்கப்புறம் சுத்தம் செய்ய டெண்டர், கடைசியில்தான் சோதனை. கடைசியில் வரும் சோதனைக்கு 'முடியாது' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! 2024-இல் எடுத்த முடிவு, பின்னால் கட்டிய டவர், காத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் அந்த ஆய்வக அறிக்கையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும்.

வேறு இடம் எங்கே இருக்கிறது மும்பையில் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. இந்த நகரத்தில் 124 ஏக்கர் சும்மா கிடைக்காது. கிடைக்கும் இடம் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் யாரும் வேண்டாம் என்று விட்டதுதான். வேடிக்கை என்னவென்றால், குப்பை கொட்ட இடமில்லாமல் ஏன் வீடு மேல் வீடாகக் கட்டுகிறீர்கள் என்று கேட்டு பம்பாய் உயர்நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் மும்பையில் புதுக் கட்டுமானத்துக்கே தடை போட்டது, இதே தேவ்னார் வழக்கில். உச்சநீதிமன்றம் 2018-இல் நிபந்தனையோடு தளர்த்தியது. இப்போது அந்தக் குப்பையின் இடத்திலேயே கட்டுமானம்.

நான் சுத்தம் செய்வதற்கு எதிரி இல்லை. கிடங்கை ஒட்டியிருக்கும் சிவாஜி நகரிலும் ரஃபிக் நகரிலும் ஒருமுறை போய் நின்று பாருங்கள். மதில் அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் துணி காயும் கொடி. 100 மீட்டர் எங்கே, 100 அடிகூட இல்லை. மழை நின்ற மறுநாள் சாக்கடையில் ஓடும் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். மேலே எண்ணெய் மாதிரி ஒரு மினுக்கம். இந்த வார்டுதான் 2009 மனித மேம்பாட்டு அறிக்கையில் மும்பையிலேயே கடைசி. அந்த மலை நாளைக்கே போனாலும் முதல் லாபம் அவர்களுக்கு, போக வேண்டும். மலையை எடுப்பது ஒரு வேலை, அங்கே யாரைக் குடிவைப்பது என்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டியதுதான் கோளாறு. பிரித்துவிட்டால் மூன்று வருட அவசரம் போய்விடும், மழையில் சலிக்க வேண்டாம், பொடிமண்ணைச் சோதித்து அனுப்ப நேரம் கிடைக்கும்.

நேரம் கொடுக்காமல் குடிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தேவ்னாரிலிருந்து ஆட்டோ தூரத்தில் மாஹுல் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் ஓரத்திலும் வேறு திட்டங்களிலும் வீடு இழந்தவர்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் ஏழெட்டு மாடிக் கட்டடங்களில் வைத்தார்கள். அந்த இடத்துக் காற்று உடம்புக்கு ஆகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே சொல்லியிருந்தது. கடைசியில் 2019-இல் உயர்நீதிமன்றம், இவர்களுக்கு வேறு இடம் கொடுங்கள், முடியாவிட்டால் வேறிடத்தில் வாடகைக்கு இருக்க மாதம் 15,000 ரூபாய் கொடுங்கள் என்றது. வீடு கொடுத்த செலவும் போய், வாடகைச் செலவும் சேர்ந்தது. இருமல் மாத்திரைச் செலவு யார் கணக்கிலும் வராது.

அதனால் சர்வே, பட்டியல், ஆட்சேபம் என்று அலையும் நம் சங்கத்து ஆட்கள் மீட்டிங்கில் கேட்க வேண்டியது, 'எத்தனை சதுர அடி' என்பது மட்டும் இல்லை. அடிமண் சோதனை எத்தனை இடத்தில், எத்தனை ஆழத்தில் எடுக்கப் போகிறீர்கள், யார் எடுக்கிறார்கள், குடியிருப்புக்கான அளவு என்று எதை வைத்திருக்கிறீர்கள், அந்த அறிக்கை மராட்டியிலும் இந்தியிலும் தமிழிலும் சந்துச் சுவரில் ஒட்டப்படுமா, அறிக்கை கெட்டதாக வந்தால் எங்கள் மாற்று இடம் எது என்பதை இப்போதே எழுத்தில் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் முதல் நாலுக்கும் பதில் வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

இதையெல்லாம் அத்தையிடம் பாதிதான் சொன்னேன், அதற்குள் கீழே தண்ணீர் வந்துவிட்டது. மலையை மூன்று வருடத்தில் எடுத்து, மீதியை 2016 விதிகள் சொன்னபடி பதினைந்து வருடம் பார்த்தால் 2043 ஆகும் என்றேன். அவளுக்கு அப்போது எண்பத்தொன்று. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கியவள் பாதியில் நின்று, "அதுவரைக்கும் இந்த ஏணிய யார் மாத்துவா, அதைக் கேளு மொதல்ல" என்றாள்.